மூலன் வீட்டம்மாவைப் பத்தி யாராவது கேட்டீங்களா?

எங்க ஹாஸ்டல்ல செமஸ்டர் ரிசல்ட் வர்ற ராத்திரி யாராவது ஒருத்தன் கண்டிப்பா இதைச் சொல்லுவான்: "மச்சி, ஒரே ஒரு லாரி வந்து தூக்குனா போதும்டா. நேரா இசேகாய்." எல்லாரும் சிரிப்போம். ரெண்டு அரியர் வச்சவன் கொஞ்சம் சத்தமாவே சிரிப்பான்.

தெரியாதவங்களுக்காக: இசேகாய்னா ஜப்பானிய மொழியில 'வேற உலகம்'. அனிமே, மாங்கா, லைட் நாவல்னு எங்க திரும்பினாலும் இப்ப இதுதான். கதை பெரும்பாலும் ஒரே அச்சு. வாழ்க்கையில பெருசா எதையும் கிழிக்காத ஒருத்தர் லாரியில அடிபட்டோ கத்திக்குத்து வாங்கியோ செத்துப்போவார். கண்ணைத் திறந்தா வேற உலகம், வேற உடம்பு. பழைய ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கும். அந்த ஞாபகம்தான் அவருக்கு ஆயுதம். இங்க பத்தாங்கிளாஸ்ல படிச்ச அறிவியலை வச்சு அங்க மேதை ஆகிடலாம். 'ஸ்லைம்' தொடர்ல 37 வயசு ஆபீஸ்காரர் ஒருத்தர் நடுரோட்டுல குத்துப்பட்டுச் செத்து, கொழகொழன்னு ஒரு ஜெல்லி உருண்டையா எழுந்திரிக்கிறார். அப்புறம் ஒரு நாட்டையே கட்டுறார். நான் மூணு நாள்ல பார்த்து முடிச்சேன், ஒளிச்சுச் சொல்ல ஒண்ணுமில்ல.

ஏன் பிடிக்குதுன்னும் தெரியும். நாலு வருஷமா நாம படிக்கிறது நம்ம உடம்பை விட்டு வேற எங்கேயோ போறதுக்குத்தான். சிஜிபிஏ, பேக்லாக், ப்ளேஸ்மென்ட் எதுவுமே ஒட்டாத ஒரு புது ஆளா, ஆனா தெரிஞ்சதெல்லாம் தெரிஞ்ச ஆளா எழுந்தா எப்படி இருக்கும்? இந்த ஆசையை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல. என் பிரச்சனை வேற. இந்தக் கதைகள்ல ஒரு ஆளைப் பத்தி யாருமே கேட்கிறதில்ல. எனக்கும் தோணல. கேட்டது எங்க அம்மாச்சி.

போன தீபாவளிக்கு சுந்தரபாண்டியம் போயிருந்தேன். அம்மாச்சி ராட்டையில தார் சுத்திக்கிட்டு இருந்தாங்க. சும்மா இருக்க முடியாம நான் அப்ப பார்த்துக்கிட்டிருந்த தொடரோட கதையைச் சொன்னேன். ஆங்கிலத்துல 'அசெண்டன்ஸ் ஆஃப் எ புக்வொர்ம்'. மியா கசுகி எழுதுனது, 2019ல அனிமேயா வந்தது. உரானோன்னு ஒரு காலேஜ் பொண்ணு, புத்தகப் பைத்தியம். நிலநடுக்கத்துல புத்தகக் குவியல் மேல விழுந்து செத்துப்போகுது. கண் முழிச்சா மைன்கிற அஞ்சு வயசு சீக்காளிக் குழந்தையோட உடம்புக்குள்ள இருக்கு. அப்பா சிப்பாய், அம்மா சாயப்பட்டறையில வேலை, ஒரு அக்கா. அந்த ஊர்ல புத்தகம்னா பணக்காரங்களுக்கு மட்டும்தான். அதனால இந்தக் குட்டி தானே காகிதம் செய்யக் கிளம்புது. களிமண் பலகை, மரத்துண்டு, புல்நார்னு ஒவ்வொண்ணாத் தோத்து, கடைசியில மரப்பட்டையைக் கூழாக்கிக் காகிதம் எடுக்குது. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எதையும் விட அது உருப்படியான ப்ராஜெக்ட்.

நான் காகிதம் செய்ற கட்டத்தை ஆர்வமா விளக்கிக்கிட்டு இருக்கேன். அம்மாச்சி ராட்டையை நிறுத்தாமலே கேட்டாங்க:

"அந்தப் பிள்ளையப் பெத்தவளுக்குத் தெரியுமாய்யா?"

"என்ன தெரியுமா?"

"உள்ள இருக்கது தன் பிள்ளை இல்லன்னு."

எனக்குப் பதில் வரல. பத்துப் பதினஞ்சு எபிசோட் பார்த்திருந்தேன். காகிதத்துக்கு எந்த மரப்பட்டை, எவ்வளவு நேரம் வேகவைக்கணும்னு எல்லாம் மனசுல நின்னுச்சு. அந்தம்மா, தன் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சந்தோஷமா நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்களே, அது நிக்கல. நிஜ மைன் அந்தக் காய்ச்சல்லயே போயிருச்சு. வீட்டுல யாரும் அழல. அழணும்னே அவங்களுக்குத் தெரியாது.

கதையை எழுதினவங்களுக்கு இது தெரியாம இல்ல. அதனாலதான் அந்தத் தொடர் மத்ததை விட ஒரு படி மேல. பக்கத்து வீட்டுப் பையன் லுட்ஸ் கண்டுபிடிச்சிடுறான். மைனுக்குத் தெரிஞ்சிருக்க முடியாத விஷயமெல்லாம் இதுக்குத் தெரியுதே, யார் நீ, என் மைனைத் திருப்பிக் குடுன்னு நேருக்கு நேரா கேக்குறான். அந்த எபிசோட்ல காகிதமே முக்கியமில்லாமப் போயிடும். கடைசியில அவன் சமாதானமாகிறதுக்குச் சொல்ற காரணமும் எனக்குப் பிடிச்சது: ஒரு வருஷமா நான் பழகினது உன்கூடத்தான், என் ஞாபகத்துல முக்காவாசி நீதான்னு. ஆனா அம்மாகிட்ட அது சொல்லல. சாயப்பட்டறையிலேர்ந்து கை நிறைய கறையோட வர்ற அந்தம்மாவுக்கு, நான் பார்த்த வரைக்கும், யாரும் சொல்லல.

மத்த தொடர்கள்ல இந்தக் கேள்வியை ஒரே வரியில முடிச்சுடுவாங்க. "இந்த உடம்போட பழைய சொந்தக்காரன் ஏற்கெனவே இறந்துட்டான்." அவ்வளவுதான். செகண்ட் ஹேண்ட் பைக்குக்கு ஆர்.சி. புக்ல பேர் மாத்துற மாதிரி. அப்பா, அம்மா, நிச்சயம் பண்ணின பொண்ணு, பரம்பரை வாள், எல்லாமே புது ஓனருக்கு டிரான்ஸ்ஃபர்.

அம்மாச்சி அதோட விடல. "நம்ம மலையில இல்லாத கதையா" அப்படின்னாங்க.

எங்க ஊர் ஆளுங்களுக்கு 'மலை'ன்னா சதுரகிரி. மேற்கால பார்த்தா தெரியும். ஆடி அமாவாசைக்கு வத்திராயிருப்பு வழியா தாணிப்பாறைக்குப் போற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தோம். சித்தருங்க இருக்கிற மலைன்னு பேரு. சின்ன வயசுல இங்க இருக்கிற எல்லாருக்கும் 'கூடு விட்டுக் கூடு பாயுறது'ன்னா என்னன்னு தெரியும். இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல சேர்ந்த பிறகு எனக்கு அது கொஞ்சம் கொஞ்சமா மறந்து, திரும்ப ஜப்பான்லேர்ந்து சப்டைட்டிலோட வந்துச்சு. இதை நினைச்சா எனக்கே சிரிப்பா இருக்கு.

அப்புறம் நானே தேடிப் படிச்சேன். பெரியபுராணம், ஃபோன்ல, உரையோட. மூலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், அதுவும் பாதிதான் புரிஞ்சுது. உரை எழுதின பெரியவங்களுக்கு நன்றி. 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் எழுதின திருமூலர் கதை இது. இசேகாய் ரசிகர்கள் யாராவது இதுவரைக்கும் படிக்கலேன்னா உடனே படிங்க, சின்னதுதான்.

கயிலாயத்துலேர்ந்து ஒரு யோகி பொதிகை மலையில இருக்கிற அகத்தியரைப் பார்க்கக் கிளம்புறார். வழியில திருவாவடுதுறையில சாமி கும்பிட்டுட்டு, காவிரிக் கரையோரமா வரும்போது ஒரு மாட்டு மந்தை அழுறதைப் பார்க்கிறார். சாத்தனூர்ல மாடு மேய்க்கிற மூலன் அங்க செத்துக் கிடக்கான். மாடுங்க அவனைச் சுத்திச் சுத்தி வந்து மோந்து பார்த்துக் கதறுது. யோகிக்கு மனசு தாங்கல. தன் உடம்பை ஒரு இடத்துல பத்திரமா வச்சுட்டு மூலன் உடம்புக்குள்ள போறார். மூலன் எழுந்திரிக்கிறான். மாடுங்களுக்கு ஒரே சந்தோஷம்.

இங்க கவனிங்க. நம்ம தொடர்கள்ல ஹீரோ புது உடம்புக்குப் போறது தனக்காக. இவர் போனது மாடுங்க அழக்கூடாதுன்னு. சாயங்காலம் மந்தை தானா வீட்டுக்குத் திரும்புது, இவர் பின்னாடியே போறார். எல்லா மாடும் அதது வீட்டுக்குள்ள போயிருச்சு. இவர் மட்டும் தெருவுல நிக்கிறார். ஏன்னா இவருக்கு அங்க வீடு இல்ல.

மூலனோட பொண்டாட்டி, 'இன்னும் காணோமே'ன்னு தேடிக்கிட்டு வர்றாங்க. நிக்கிறது புருஷன்தான். பக்கத்துல வந்து தொடப் போறாங்க. அவர் விடல. உனக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லன்னு சொல்லிட்டு ஊர்ப் பொது மடத்துக்குள்ள போயிடுறார். அந்தம்மாவுக்குப் பிள்ளைகளும் இல்ல, சொந்தபந்தமும் இல்லன்னு சேக்கிழார் குறிப்பாச் சொல்றார். ராத்திரி பூரா தூங்கல. மறுநாள் ஊர்ப் பெரியவங்ககிட்டப் போய் முறையிடுறாங்க. அவங்க வந்து பார்த்தா, அவர் யோகத்துல உட்கார்ந்திருக்கார். இது பைத்தியம் இல்ல, இவர் இனிமே குடும்பத்துக்குத் திரும்புற ஆளே இல்லன்னு சொல்றாங்க. அந்தம்மா கலங்கிப் போறாங்க, மத்தவங்க கூட்டிக்கிட்டுப் போறாங்க. அதோட அவங்க கதை முடிஞ்சுது. பேர்கூட சொல்லல.

அவர் கதை தொடருது. திரும்பிப் போய்ப் பார்த்தா வச்ச இடத்துல பழைய உடம்பு இல்ல. சிவன் மறைச்சுட்டார். அதனால மூலன் உடம்போடயே திருவாவடுதுறை அரசமரத்தடியில உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒரு பாட்டுன்னு மூவாயிரம் வருஷம், மூவாயிரம் பாட்டு. அதுதான் திருமந்திரம். மாடு மேய்ச்சவன் பேரு 'மூலன்', அதுவே அவருக்குப் பேராயிருச்சு.

இதுல எனக்குப் பட்டது ஒண்ணு. மாடுங்க ஏமாந்துருச்சு. உடம்பு நடமாடினா அதுங்களுக்குப் போதும். பொண்டாட்டிக்கு அது போதல. ஆனா அந்தம்மாவுக்கு முன்னாடி இருந்த பிரச்சனையை யோசிச்சுப் பாருங்க. புருஷன் செத்திருந்தா அழலாம், ஊரே வந்து கூட அழும். இங்க புருஷன் கண்ணு முன்னாடி மடத்துல உட்கார்ந்திருக்கார். மூச்சு விடுறார். விதவையும் இல்ல, சுமங்கலியும் இல்ல. இந்த நிலைமைக்கு அந்த ஊர்ல ஒரு சடங்கும் கிடையாது.

திருமூலரைக் குறை சொல்ல நான் யாரு. சொல்லப்போனா நம்ம இசேகாய் ஹீரோக்கள் எல்லாரையும் விட அவர் நேர்மையானவர். உடம்பு கிடைச்சதுக்காக வீட்டையும் பொண்டாட்டியையும் சேர்த்து எடுத்துக்கல. பொய்யா ஒரு ராத்திரிகூட அந்த வீட்டுல தங்கல. இருந்தாலும் உண்மையைச் சொன்னதால அந்தம்மாவுக்கு என்ன கிடைச்சுது? நானும் ரெண்டு நாள் யோசிச்சேன், ஒண்ணும் தெரியல.

சதுரகிரிப் பக்கம் அவரைப் பத்தியே இன்னொரு கதை சொல்வாங்க, அம்மாச்சி சொன்னது அதைத்தான். வீரசேனன்னு ஒரு ராஜா திடீர்னு செத்துப்போறார். ராணி குணவதி கதறுறாங்க. திருமூலர் மனசு இரங்கி, தன் உடம்பை மலையில ஒரு குகையில வச்சு, சீடனைக் காவல் போட்டுட்டு, ராஜா உடம்புக்குள்ள போறார். இங்க அவர் மடத்துக்குப் போகல. அரண்மனைக்குப் போறார். ராஜாவா வாழுறார். ராணிக்குக் கொஞ்ச நாள்லயே சந்தேகம். பேச்சு வேற, நடை வேற, புத்தி வேற. கேட்டுக் கேட்டு உண்மையைத் தெரிஞ்சுக்கிறாங்க. தெரிஞ்சதும் என்ன பண்ணினாங்க தெரியுமா? போடா வெளியேன்னு சொல்லல. ஆளனுப்பிக் குகையில இருந்த உடம்பை எரிச்சுட்டாங்க. திரும்பிப் போக இடமே இருக்கக் கூடாது. புருஷன் இல்லேன்னாலும் புருஷன் உடம்பாவது இங்கயே இருக்கட்டும்.

ரெண்டு கதையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சாத்தனூர்ல உண்மையைச் சொல்லி விலகினார், அந்தப் பெண் அநாதையானாங்க. அரண்மனையில மறைச்சு வாழ்ந்தார், அந்தப் பெண் உண்மை தெரிஞ்ச பிறகும் விட மனசில்லாம நெருப்பு வச்சாங்க. அம்மாச்சி குணவதி பக்கம். "பின்ன? சும்மாவா விடுவா?" அப்படின்னாங்க. நான் இன்னும் முடிவு பண்ணல.

உடம்பை எரிக்கிற விஷயம் நம்ம பழைய கதைகள்ல திரும்பத் திரும்ப வருது. கதாசரித்சாகரத்துல நந்த ராஜா உடம்புக்குள்ள இந்திரதத்தன் போனதும், மந்திரி சகடாலன் ஊர்ல இருக்கிற பிணத்தையெல்லாம் எரிக்கச் சொல்றான். ஆதிசங்கரர் அமருகன்கிற ராஜா உடம்புக்குள்ள போன கதையிலயும் அதே பயம். ராஜா திடீர்னு ரொம்ப புத்திசாலி ஆயிட்டாரேன்னு மந்திரிகளுக்குச் சந்தேகம் வருது! அங்கயும் பிணங்களை எரிக்க ஆள் போறாங்க. சீடர்கள் பாட்டுப் பாடி அவருக்கு ஞாபகம் வரவைக்கிறாங்க. ஒரு எஞ்சினியரிங் மாணவனா எனக்கு இந்த விதிகள் ரொம்பப் பிடிக்குது. பழைய உடம்புக்குக் காவல் வேணும். காவலுக்கு நம்பகமான ஆள் வேணும். திரும்பி வர ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினா போச்சு. நம்ம முன்னோர்கள் ஒரு சிஸ்டத்தை யோசிச்சா அது ஃபெயிலாகிற இடத்தையும் சேர்த்தே யோசிச்சிருக்காங்க. இசேகாய்ல இந்த பேக்கப் கவலையே கிடையாது. லாரி அடிச்சது, ஆள் போனான், அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல.

"டேய், கதையைக் கதையாப் பாருடா. லாஜிக் பார்த்தா எதையும் பார்க்க முடியாது" அப்படின்னான் என் ரூம்மேட். நியாயமான பேச்சுதான். 1990ல வந்த ரஜினியோட 'அதிசயப் பிறவி'யும் இதே கதைதான், எமலோகத்துல கணக்குத் தப்பாகி வேற ஒருத்தன் உடம்புக்குள்ள வர்ற கதை. அதை நாங்க குடும்பத்தோட டிவில பார்த்து விசிலடிச்சிருக்கோம். அதுல போய் நான் இந்தக் கேள்வி கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஆனா வேற மாதிரியும் இந்தக் கதையைச் சொல்ல முடியும்னு காட்டுன ஒரு படம் இருக்கு.

'நண்பகல் நேரத்து மயக்கம்'. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கினது, எஸ்.ஹரீஷ் எழுதினது, 2023 ஜனவரியில தியேட்டருக்கு வந்துச்சு. பேருக்கு மலையாளப் படம், முக்கால்வாசி நடக்கிறது ஒரு தமிழ் கிராமத்துல, பழனிப் பக்கம் எடுத்தது. மம்மூட்டி ஜேம்ஸ்ங்கிற மலையாளி. வேளாங்கண்ணி போயிட்டு குடும்பத்தோட, கூட்டத்தோட பஸ்ல திரும்பிக்கிட்டிருக்கார். மத்தியானத் தூக்கம். திடீர்னு எழுந்து வண்டியை நிறுத்தச் சொல்லி, சோளக்காட்டு வழியா நடந்து ஒரு ஊருக்குள்ள போய், ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சு, சொந்த வீடு மாதிரி தமிழ்ல பேச ஆரம்பிச்சுடுறார். அந்த வீட்டு ஆளு சுந்தரம், காணாமப் போனவர். ஜேம்ஸ் இப்ப சுந்தரம். கைலியைக் கட்டிக்கிட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு, பால் ஊத்தக் கிளம்பிடுறார். (மூலன் மாடு மேய்ச்சவன், சுந்தரம் பால்காரன். இந்தக் கதைங்களுக்கு மாடு இல்லாம முடியாது போல.)

இந்தப் படத்துல கேமரா ஜேம்ஸை மட்டும் பார்க்கல. பூங்குழலியைப் பார்க்குது, சுந்தரத்தோட பொண்டாட்டி. முன்பின் தெரியாத ஒருத்தன் தன் புருஷன் குரல்ல, தன் புருஷன் உரிமையோட வீட்டுக்குள்ள நடமாடுறான். அவங்க முகத்துல பயம், வெறுப்பு, கூடவே ஒரு நம்பிக்கை மாதிரி ஏதோ ஒண்ணு. அதே நேரம் வெளியில ஜேம்ஸோட பொண்டாட்டி உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்காங்க. புருஷன் எதிர்ல இருக்கார், ஆனா அவங்களை அடையாளமே தெரியல. சாத்தனூர் தெருவுல நடந்தது இது, அப்படியே. இங்க ரெண்டு பொண்டாட்டி. கண்ணு தெரியாத ஒரு அம்மா வேற. அந்தம்மாவுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்ல. வந்திருக்கது மகன். முகத்தைப் பார்க்க முடியாதவங்களுக்குக் குரலே போதும்.

ஒரு மத்தியானத் தூக்கத்துல வந்தது இன்னொரு மத்தியானத் தூக்கத்துல போயிடுது. ஜேம்ஸ் ஜேம்ஸா எழுந்து பஸ் ஏறிடுறார். ஏன் வந்துச்சு, எப்படிப் போச்சுன்னு படம் விளக்கல. எனக்கு அது குறையா படல.

இந்த விஷயத்துல எங்க பக்கத்து ஊர் ஆளு ஒருத்தரைச் சொல்லாம விட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொறந்து, கோகுலத்துல எழுந்தவங்க. ஆண்டாள். திருப்பாவை முப்பது பாட்டும் ஒரு ஆயர்பாடிப் பொண்ணா நின்னு பாடினது. அதுல ஆறுலேர்ந்து பதினஞ்சு வரை பத்துப் பாட்டு, தூங்குற தோழிகளை ஒவ்வொரு வீடாப் போய் எழுப்புறது! வில்லிபுத்தூரையே ஆயர்பாடியா நினைச்சாங்க, வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையா நினைச்சாங்க, பேச்சு இடைச்சி பேச்சாகி, உடம்புல பால் தயிர் வாடையே வந்துடுச்சுன்னு உரைக்காரங்க சொல்றாங்க. இதை விட ஆழமா வேற உலகத்துக்குள்ள போனவங்க இருக்க முடியாது. ஆனா பாருங்க, போறதுக்காக அவங்க சாகல, யாரோட உடம்பையும் எடுத்துக்கல. முப்பதாவது பாட்டுல நிக்கிறாங்க: தன் பேரு, அப்பா பேரு, ஊர் பேரு மூணையும் சொல்லி முடிக்கிறாங்க. பட்டர்பிரானோட மக கோதை, புதுவைக்காரி. இருபத்தொன்பது பாட்டு அங்க இருந்துட்டு முப்பதாவதுல வீட்டு விலாசம். பின்னால அவங்களும் அரங்கனோட போயிட்டாங்கங்கிறது வேற கதை. பெரியாழ்வார் அன்னைக்கு வீட்டுக்குத் தனியாத்தான் திரும்பியிருப்பார்.

இப்ப அந்த லாரி ஜோக்குக்கு வர்றேன். இவ்வளவும் எழுதினது அதுக்காகத்தான்.

போன வருஷம் ஒரு ரிசல்ட் ராத்திரி, எங்க விங்ல ஒருத்தன் அந்த ஜோக்கைச் சொன்னான். வழக்கம் போலச் சிரிச்சோம். அரை மணி நேரம் கழிச்சு திரும்பவும் சொன்னான். மூணாவது தடவை சொன்னப்ப அவன் சிரிக்கல, எங்களுக்கும் சிரிப்பு வரல. மொட்டை மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் விடியிற வரைக்கும் நாலு பேர் அவன்கூட உட்கார்ந்திருந்தோம். முதல்ல ஒண்ணும் பேசல. அப்புறம் அப்பா வாங்கின கடன், அக்கா கல்யாணம், சர்க்யூட்ஸ் பேப்பர் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சு. மறுநாள் எங்க சார் ஒருத்தர்கிட்டச் சொன்னோம், அவர் நல்லபடியாப் பார்த்துக்கிட்டார். இப்ப அவன் நல்லா இருக்கான், இதை எழுதலாமான்னு கேட்டேன், பேரைப் போடாம எழுதிக்கோன்னான். (அப்ப எங்களுக்குத் தெரியாத ஒரு நம்பர்: 14416, டெலி மானஸ். எந்த நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ஃபோன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க, உங்களுக்கு இல்லாட்டியும் பக்கத்து ரூமுக்கு.)

அனிமே பார்த்ததால அவன் அப்படி ஆனான்னு நான் சொல்ல வரல. அது முட்டாள்தனமான பேச்சு, டிவில வர்ற அங்கிள்களுக்கு விட்டுடுவோம். என் புகார் வேற: அந்தக் கதைகள் நமக்கு லாரி மோதினதுக்கு அடுத்த செகண்ட்லேர்ந்துதான் காட்டுது. மோதின இடத்துல என்ன நடந்துச்சுன்னு காட்டுறதில்ல. ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாங்க, ஹாஸ்டல் ரூம்ல துணியை யார் மடிச்சு வச்சாங்க, ஃபோன் பேட்டர்ன் தெரியாம அம்மா எத்தனை தடவை தடவிப் பார்த்தாங்க. அந்த உலகம் அப்படியே கட். இந்தப் பக்கம் புது வீடு, புது அம்மா, புது மந்திரம்.

திரும்பவும் அந்தப் புத்தகப் பொண்ணு கதைதான் கொஞ்சம் காட்டுது. ரெண்டாவது சீசன்ல ஒரு மந்திரக் கருவி வழியா மைன் தன்னோட பழைய ஞாபகத்துக்குள்ள போகும். ஜப்பான்ல அவளோட வீடு, புத்தக அலமாரி, அம்மா. முதல்ல புத்தகத்தைப் பார்த்துத்தான் குதிக்கும். அப்புறம் அம்மா சமைச்சதைச் சாப்பிடும்போது உடைஞ்சு அழும். செத்ததுக்கு மன்னிப்புக் கேக்கும். அந்தம்மாவுக்கு அது கேக்காது, வெறும் ஞாபகம்தானே. எங்க விங்ல அந்த எபிசோட் பார்த்தப்ப எல்லாரும் திடீர்னு ஃபோனை நோண்ட ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல. அவன் மட்டும் எழுந்து வெளிய போய் வீட்டுக்குப் பேசிட்டு வந்தான். மணி பதினொண்ணரை. என்னடா இந்நேரம்னு அவங்க அம்மா பயந்துட்டாங்களாம்.

எனக்கு ஜூலையில பெங்களூர்ல ஜாயினிங். கம்பெனில போட்டுப் பார்க்க ரெண்டு ஃபார்மல் சட்டை எடுத்தாச்சு. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அம்மாச்சி, நான் ஃபோன்ல ஹெச்.ஆர். கூடப் பேசுறதைக் கேட்டுட்டு, "யாரோ பேசுற மாதிரி இருக்கு" அப்படின்னாங்க. குறையாச் சொல்லல, சும்மாதான் சொன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் 'நண்பகல்' படத்தை லேப்டாப்ல போட்டுக் காட்டினேன். மலையாளம் வர்ற இடமெல்லாம் நான் சொல்லிக்கிட்டே வந்தேன். கண்ணு தெரியாத அம்மா வர்ற காட்சியில ராட்டையை நிறுத்திட்டாங்க. கடைசி வரைக்கும் திரும்பச் சுத்தல. பஸ் கிளம்பிப் போச்சு, படம் முடிஞ்சுது.

"போகும்போது அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னானா?"

"இல்ல அம்மாச்சி. அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுல்ல."

"ம்" அப்படின்னுட்டு, அறுந்திருந்த இழையை முடிஞ்சாங்க.